சிகாகோவில் மூடுண்ட விளையாட்டு மாளிகை

1999ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், சிகாகோ நகரின் பெரிய கடைவீதியாகிய மிச்சிகன் அவென்யூவுக்குச் சற்றே மேற்கில், வால்ட் டிஸ்னி ஸ்தாபனத்தார் டிஸ்னிகுவெஸ்ட் என்ற பெயரில் ஒரு விளையாட்டு மாளிகையைத் திறந்தார்கள். மழைக்கும் பனிக்கும் அஞ்ச வேண்டாதபடி முற்றும் கூரைக்குள் அடங்கியது அது. ஐந்து தளங்கள் கொண்டது. உள்ளே போகிறவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நில்லாமல், தாமே துடுப்புப் போட்டும், தாமே பறந்தும், தாமே படம் வரைந்தும் கேளிக்கையில் பங்குகொள்ள வேண்டும் என்ற உத்தேசத்தோடு நிர்மாணிக்கப்பட்டது. குழந்தைகளை மகிழ்விக்கும் வித்தையில் டிஸ்னியை மிஞ்சியவர் இல்லை என்று உலகம் ஒப்புக்கொண்டிருந்த காலம், பணத்துக்கும் குறைவில்லை. அப்படியிருந்தும் இரண்டு ஆண்டும் சில மாதங்களுமே அந்த மாளிகை நடந்தது. 2001 செப்டம்பர் 4ஆம் தேதி அதன் கதவு அடைபட்டது. அதற்கு ஒரு வாரம் கழித்து நியூயார்க்கில் நேர்ந்த பயங்கரத்தால் அமெரிக்காவின் கேளிக்கைத் தொழில் முழுவதுமே தள்ளாடியது மெய்தான். ஆனால் சிகாகோ மாளிகையின் முடிவுக்கு அந்தச் சம்பவத்தைச் சாக்குச் சொல்லத் தேதி இடந்தரவில்லை.

பெருநகரங்களில் பெருமுதல் போட்டுத் தொடங்கி நொடித்துப்போன வியாபாரங்கள் எத்தனையோ உண்டு. அவற்றுள் இதை மட்டும் எடுத்து ஆராய்வதற்கு ஒரு விசேஷ காரணம் இருக்கிறது. சிகாகோவில் திறப்பதற்கு ஓராண்டு முன்னதாகவே, 1998 ஜூன் 19ஆம் தேதி, ப்ளோரிடா மாகாணத்தில் ஆர்லாண்டோ நகரை ஒட்டித் தங்களுக்குச் சொந்தமான பெருநிலத்தில், இதே பெயரில், இதே ஐந்து தளங்களில், பெரும்பாலும் இதே யந்திரங்களை வைத்து, டிஸ்னியார் ஒரு மாளிகையைத் திறந்திருந்தார்கள். அது 2017 ஜூலை 2 வரை, ஏறக்குறைய 19 ஆண்டுகள் நடந்தது. முதலாளி ஒருவர், யந்திரமும் ஏறத்தாழ ஒன்று, கட்டணமுறைகூடப் பெரிதும் வேறுபட்டதல்ல. ஊர் மட்டுந்தான் வேறு. விஞ்ஞானிகள் ஓர் உண்மையைக் கண்டறிவதற்காக மற்றெல்லாவற்றையும் ஒன்றாக வைத்து ஒன்றை மட்டும் மாற்றிப் பரீட்சை செய்வார்களே, அத்தகைய பரீட்சையொன்றை இந்த ஸ்தாபனம் தன்னை அறியாமலே தன் சொந்தச் செலவில் செய்து முடித்திருக்கிறது என்று சொல்லலாம்.

கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்துகொண்டு சிகாகோவின் நஷ்டக்கணக்கைப் புரட்டுவானேன் என்று வாசகர் கேட்கக்கூடும். 2019 நவம்பர் 26ஆம் தேதி விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான இந்தப் பிரதேசத்தில் டிஸ்னிகுவெஸ்டைப் போன்ற மாளிகை எதுவும் கிடையாது. கரும்பும் நெல்லும் மக்காச்சோளமும் மரவள்ளியும் விளையும் பூமி. ஆலைப் பணம் கைக்கு வரும் மாதமும் வராத மாதமும் ஜனங்களின் செலவை நிர்ணயிக்கும் ஊர். ஆயினும் கேளிக்கை இல்லாத ஊர் அல்ல. சித்திரை முதல் ஆடி வரை ஏதாவது ஒரு கோயில் மைதானத்தில் ராட்டினம் சுற்றிக்கொண்டேயிருக்கும். மேற்கே கல்வராயன் மலையில் மழை பெய்து அருவியில் நீர் வந்துவிட்டால், கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைத் தாண்டி மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக ஏறும். நகரத்தின் நடுவில் நிலையாக ஊன்றிய கேளிக்கை ஏன் தோற்றது என்பதை, ஊர் ஊராக நடமாடும் கேளிக்கையை அன்றாடம் காண்கிற இடத்திலிருந்து பார்க்கும்போது, அமெரிக்கப் பத்திரிகைகள் சொன்ன காரணங்களுக்கு அப்பாலும் சில விஷயங்கள் கண்ணில் படுகின்றன.

முதலில் அந்த மாளிகைக்குள் என்ன இருந்தது என்பதைப் பார்ப்போம். அலாவுதீனின் மந்திரக் கம்பளத்தில் பறப்பது அதன் தலையாய வினோதம். மோட்டார் சைக்கிளில் உட்காருவதுபோலக் கால்களை இருபுறமும் போட்டு உட்கார்ந்தவுடன், மேலிருந்து கனத்த தலைக்கவசம் ஒன்றை இறக்கி மாட்டுவார்கள். கவசத்துக்குள் கண்ணெதிரே அரபு நகரம் ஒன்று விரியும். கைப்பிடியைத் திருப்பினால் கம்பளம் திரும்பும். இன்னோரிடத்தில், காற்றடைத்த ரப்பர்த் தெப்பத்தில் குடும்பத்தோடு ஏறி, நிஜத் துடுப்பைப் பிடித்து, எதிர்த் திரையில் ஓடும் காட்டாற்றைக் கடக்க வேண்டும். நனைந்தும் நனையாமலும் சிறு தூறல்கூட விழும். மற்றோரிடத்தில், உருண்டோடும் ரயில்பாதையொன்றை மேடும் பள்ளமும் குட்டிக்கரணமுமாகத் தம் இஷ்டப்படி திரையில் வரைந்துவிட்டு, ஒரு பெட்டிக்குள் இறுகக் கட்டப்பட்டு உட்கார்ந்தால், வரைந்தவருடைய அடாத துணிச்சலுக்கு ஏற்ப அந்தப் பெட்டி அவரையே தலைகீழாகப் புரட்டியெடுக்கும். இவை போகப் படம் வரையப் பழகுவதற்கு ஒரு கூடம், பழைய நாணய விளையாட்டு யந்திரங்களுக்கு ஒரு பகுதி, சாப்பாட்டுக்கு ஓர் இடம். கற்பனையில் குறைவைத்த காரியம் என்று யாரும் சொல்ல முடியாது.

அலாவுதீன் கம்பளத்துக்கு ஒரு பூர்வ கதையும் உண்டு. டிஸ்னியாரின் எப்காட் பூங்காவில் 1994இலேயே அதை வெள்ளோட்டம் விட்டு, 45,000க்கு மேற்பட்டவர்கள் அதை எதிர்கொண்ட விதத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். ராண்டி பௌஷ் என்னும் கணினிப் பேராசிரியரும் அவருடைய கூட்டாளிகளும் 1996இல் வெளியிட்ட ஆய்வுரை அந்த அனுபவத்தை விவரிக்கிறது. ஜனங்கள் அந்த மாய உலகத்தை மெய்யென்றே மனமொப்பி ஏற்றுக்கொண்டார்கள் என்பது அவர்கள் கண்ட நற்செய்தி. கவசத்தை மாட்டிக்கொண்டவர்கள், எதிர்பார்த்த அளவுக்குத் தலையைத் திருப்பிச் சுற்றுமுற்றும் பார்க்கவில்லை என்பது கூடவே கண்ட செய்தி. நாற்புறமும் ஒரு நகரத்தைச் சிருஷ்டித்துக் கொடுத்தும், பலர் சினிமாத் திரையைப் பார்ப்பதுபோல நேரே பார்த்துக்கொண்டு போய் இறங்கிவிட்டார்கள். இந்தக் குறிப்பைப் படிக்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது: முதல்முறை ஏறுகிறவன் பிரமிப்பில் நேரே பார்க்கிறான், சுற்றிப் பார்க்க வேண்டுமானால் அவன் இரண்டாம் முறை வரவேண்டும். சிகாகோவின் வழக்கு முழுவதும் அந்த இரண்டாம் முறையில்தான் அடங்கியிருக்கிறது.

அந்த மாளிகை நொடித்ததற்குப் பெரும்பாலோர் சொல்லும் காரணம் யந்திரங்கள் பழசாகிவிட்டன என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது. லட்சக்கணக்கான டாலர் விலையுள்ள கணினிகளைக் கொண்டு 1990களின் நடுவில் செய்து காட்டிய சித்திர ஜாலத்தை, 2000 அக்டோபரில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த இரண்டாவது ப்ளேஸ்டேஷன் போன்ற வீட்டுச் சாதனங்கள் வேகமாக எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தன. பத்து வயதுப் பையன் தன் வீட்டுக் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து ஆடுகிற ஆட்டத்தைவிட மங்கலான ஒன்றுக்காகத் தகப்பனார் காரை எடுத்துக்கொண்டு நகரத்தின் நடுவுக்கு வந்து, வண்டி நிறுத்தக் கூலியும் கொடுத்து, குடும்பம் முழுவதற்கும் நுழைவுச் சீட்டும் வாங்குவாரா? வாங்கமாட்டார். ஆனால் பழமைதான் கொன்றது என்றால், 2001இல் சிகாகோவைக் கொன்ற அந்தப் பழமை, அதே யந்திரங்கள் மேலும் 16 ஆண்டு மூப்படைந்து, தலைக்கவசத்தின் உறை நைந்துபோன பிறகும், ஆர்லாண்டோவை ஏன் அவ்வளவு காலம் விட்டுவைத்தது? இந்தக் கேள்விக்கு அவர்களிடம் விடையில்லை.

அடுத்து, இடநெருக்கடிக் கணக்கு. மந்திரக் கம்பளத்தின் ஒரு தொகுதியில் ஒரே சமயத்தில் நான்கு பேர் பறக்கலாம். கவசம் மாட்டி, பறந்து, கழற்றி, அடுத்தவரை உட்காரவைக்க ஐந்து நிமிஷம் என்றே மிகத் தாராளமாக வைத்துக்கொண்டாலும், மணிக்கு 48 பேர்தான் ஆகிறது. நகரத்தின் மத்தியில் நில வாடகையும், கவசத்தைத் துடைத்து மாட்டிவிட நிற்கும் ஆட்களின் சம்பளமும் அந்த 48 பேரின் தலையில்தான் விழுகின்றன. கூட்டம் வந்தால் வரிசை நீண்டு வந்தவர் வெறுக்கிறார். கூட்டம் வராவிட்டால் முதலாளி வெறுக்கிறார். ஆரம்பத்தில் அட்டையில் பணத்தை ஏற்றி ஆட்டத்துக்கு ஆட்டம் கழித்துக்கொள்ளும் ஏற்பாடு இருந்தது. பிற்பாடு ஒரே கட்டணத்தைக் கொடுத்துவிட்டு நாள் முழுவதும் இருக்கலாம் என்று மாற்றினார்கள். முதலாவது முறையில் பெற்றோர் பையைப் பார்த்துப் பார்த்து ஆடவிட்டார்கள். இரண்டாவது முறையில் அரைமணி நேரம் தலைகாட்டிவிட்டுப் போக விரும்பியவர்கள் வாசலோடு திரும்பினார்கள். இவ்விரண்டில் எது மேல் என்ற விவாதத்துக்குள் நான் நுழையவில்லை. இரண்டும் ஒரே நோய்க்குக் கட்டிய வெவ்வேறு பத்துக்கள்.

நோய் எது என்பதற்கு ஆர்லாண்டோவின் ஜனத்தொகையைப் பார்க்க வேண்டும். அங்கே குடியிருப்பவர்களின் தொகையை அன்று, வந்து போகிறவர்களின் தொகையை. ஆர்லாண்டோவுக்கு வருகிறவர் டிஸ்னிக்காகவே வருகிறார். ஒரு வாரம் தங்குகிறார். நாளைக்கொரு பூங்காவாகப் பார்க்கிறார். பிற்பகல் தோறும் இடியுடன் மழை கொட்டுகிற கோடைக்கால ப்ளோரிடாவில் ஒதுங்க ஒரு கூரை தேடுகிறார். 2005 முதல், நீர்ப்பூங்காக்களுக்குள் போவதற்கு வாங்கும் கூடுதல் சீட்டிலேயே டிஸ்னிகுவெஸ்டையும் சேர்த்துவிட்டார்கள். ஆகவே அவர் அதற்கென்று பிரத்தியேகமாகத் தீர்மானிக்க வேண்டியதுகூட இல்லை. அடுத்த வாரம் அவர் ஊருக்குப் போய்விடுவார்; அவர் இருந்த இடத்தில் இன்னொரு குடும்பம் வந்து நிற்கும்; அந்தக் குடும்பத்துக்குக் கம்பளம் புதிது. யந்திரங்களைப் பெரும்பாலும் புதுப்பிக்காமலே வைத்திருந்தார்கள், முகங்கள் புதிதாகிக்கொண்டேயிருந்தன.

சிகாகோவில் அப்படியில்லை. 2000ஆம் வருஷக் கணக்கில் நகரத்துக்குள் மட்டும் 29 லட்சம் ஜனங்கள். திட்டமிட்டவர்களுக்கு இந்தத் தொகையே போதை ஏற்றியிருக்க வேண்டும். மைக்கேல் ஐஸ்னர் தலைமையில் டிஸ்னியார் பெருநகரந்தோறும் இத்தகைய மாளிகை எழுப்பும் உத்தேசம் வைத்திருந்தார்கள். பிலடெல்பியாவில் அடுத்ததற்குக் குழிகூடத் தோண்டிவிட்டார்கள். ஆனால் பெருநகரவாசி அங்கேயே வசிக்கிறவன். ஒருமுறை பார்த்துவிட்டால் இரண்டாம் முறை வருவதற்கு அவனுக்குப் புதிதாக ஒன்று வேண்டும்; பெரும் முதலைப் போட்டு யந்திரத்தை மாற்றினால்தான் அது கிடைக்கும்; இரண்டாம் முறை வருகிறவர்களின் சீட்டுப் பணம் வந்தால்தான் அந்த முதலைப் போட முடியும். இந்தச் சுழலிலிருந்து சிகாகோ மீளவில்லை. சிகாகோவுக்கும் யாத்ரீகர்கள் லட்சக்கணக்கில் வருகிறார்களே என்றால், அவர்கள் சிகாகோவைப் பார்க்க வருகிறார்கள். ஏரிக்கரையையும் விண்தொடும் கட்டடங்களையும் சித்திரசாலையையும் பார்ப்பதற்குள் விடுமுறை தீர்ந்துவிடுகிறது. ஆர்லாண்டோவிலும் கிடைக்கிற ஒன்றைச் சிகாகோவில் போய்த் தேடுவதற்கு அவர்களுக்கு என்ன தலையெழுத்து?

லண்டனில் இதற்கு முன்னரே ஒரு முன்மாதிரி நடந்திருந்தது. ஜப்பானிய சேகா ஸ்தாபனத்தார் பிக்காடில்லி சந்திப்பில் ட்ரோகாடெரோ கட்டடத்துக்குள் 1996 செப்டம்பரில் திறந்த சேகா வேர்ல்ட் மூன்று ஆண்டில் அந்தப் பெயரையே இழந்தது; 1997இல் சிட்னி துறைமுகத்தருகே திறந்தது 2000த்தில் மூடியது. அதே சேகாவார் டோக்கியோவின் ஒடைபா தீவில் 1996இல் திறந்த ஜாய்போலிஸ் மட்டும் நிலைத்துவிட்டது. ஒடைபா, டோக்கியோவாசிகளே ஒருநாள் உல்லாசப் பிரயாணமாகப் போகிற கடலோர இடம் என்பதும், அங்கே யந்திரங்களை அடிக்கடி மாற்றிவந்தார்கள் என்பதும் கவனிக்கத் தக்கவை. டிஸ்னியார் லண்டனின் கதையைப் படிக்காமலிருந்திருக்க முடியாது. பெரிய ஸ்தாபனங்களுக்குப் பிறர் தோல்வி தமக்குப் பொருந்தாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. பெயரின் கௌரவம் அந்த நம்பிக்கைக்கு உரம் போடுகிறது.

சிகாகோ நகரமே இதே பாடத்தை நூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஒருமுறை படித்திருந்தது என்பதுதான் இதில் மிகவும் ரசமான பகுதி. 1893இல் அங்கு நடந்த உலகக் கண்காட்சிக்காக ஜார்ஜ் ஃபெர்ரிஸ் என்ற எஞ்ஜினீயர் 264 அடி உயரத்தில் ஓர் இராட்சதச் சக்கரத்தை நிறுவினார். அதில் 36 பெட்டிகள். பெட்டிக்கு 60 பேர். ஒரே சமயத்தில் இரண்டாயிரம் பேருக்கு மேல் வானத்தில் சுற்றலாம். கட்டணம் 50 சென்ட். கண்காட்சி நடந்த சில மாதங்களில் 14 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஏறினார்கள். கண்காட்சி முடிந்தது. அவ்வளவு பெரிய சக்கரத்தை அழிக்க மனம் வராமல், அக்கக்காகக் கழற்றி, அதே சிகாகோவில் லிங்கன் பூங்காவை அடுத்த குடியிருப்புப் பகுதியில் 1895இல் மறுபடியும் நிறுத்தினார்கள். அங்கே அது நஷ்டத்தில் ஓடியது. அண்டைவீட்டார் சந்தடி பொறுக்காமல் எதிர்த்தார்கள்; அவர்களுக்கு அது அதிசயமாக இருந்த காலம் போய்ச் சாளரத்துக்கு வெளியே நிற்கும் இரும்பாகிவிட்டது. ஃபெர்ரிஸ் 1896இல், நாற்பது வயதுகூட நிரம்பாமல், காலமானார். பிறகு சக்கரம் பழைய இரும்பு விலைக்கு ஏலம் போய், 1904இல் செயின்ட் லூயி நகரத்துக் கண்காட்சிக்குப் பிரயாணப்பட்டு, அங்கே மீண்டும் ஜனங்களை ஏற்றிச் சம்பாதித்து, 1906இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. திருவிழாவில் வாழ்ந்து, தெருவில் நொடித்து, மறுபடியும் திருவிழாவில் பிழைத்த சக்கரம் அது. அதே ஊரில் டிஸ்னியார் தங்கள் மாளிகைக்கு இடம் பார்த்தபோது இந்தக் கதையை நினைவூட்ட ஒருவரும் இல்லாமற் போனது விந்தை.

சக்கரத்தின் படிப்பினையை வேறொருவர் எடுத்துக்கொண்டார். சிகாகோக் கண்காட்சியில் அதில் ஏறியிருந்த வில்லியம் சல்லிவன் என்ற பாலம் கட்டும் தொழிலாளி, கழற்றி மாட்டி ஊர் ஊராகக் கொண்டுபோகத்தக்க சிறிய சக்கரமொன்றை 1900த்தில் செய்தார். அவருடைய கம்பெனி அதற்குப் பிறகு நூறாண்டுக்கு மேலாக அத்தொழிலை நடத்தியது. நம் பக்கத்துத் திருவிழா மைதானங்களில் இன்று மின்விளக்குப் போட்டுச் சுற்றும் ராட்டினம் அந்த வம்சத்தைச் சேர்ந்தது. (கையால் தள்ளிச் சுற்றும் மரத் தொட்டில் ராட்டினம் இதற்கெல்லாம் முந்தியது, 17ஆம் நூற்றாண்டிலேயே கீழை நாடுகளில் அதைக் கண்டு எழுதிய ஐரோப்பிய யாத்ரீகர்கள் உண்டு. அதற்கு ஃபெர்ரிஸ் பாட்டனார் அல்லர்.)

ராட்டினக்காரர்களின் தொழிலைச் சற்று நெருங்கிப் பார்த்தால், சிகாகோ மாளிகையில் இல்லாதது எது என்று விளங்கும். லாரியில் வந்திறங்கும் இரும்புக் கால்களுக்கு அடியில் மரக்கட்டைகளை அடுக்கி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஒருபக்கம் மண் இறங்கினால் இன்னொரு கட்டையைச் செருகி, அச்சை ஏற்றிப் பெட்டிகளைக் கோத்து, போல்ட்டு போல்ட்டாக ஸ்பானரால் முறுக்கி முடிக்க ஒன்றிரண்டு நாள். ஆட்களை ஏற்றும்போது அடுத்தடுத்த பெட்டியில் ஏற்றமாட்டார்கள். ஒன்றை நிரப்பியவுடன் நேர் எதிர்ப் பெட்டியை நிரப்பிப் பாரத்தைச் சமன் செய்வார்கள். உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே கூவாகத்தில் சித்திரைப் பெருவிழா முடிந்தால் அடுத்த மாதம் வேறொரு தேர். அது முடிந்தால் ஆடி மாதத்து அம்மன் திருவிழா. யந்திரத்தின் வயது இருபதோ முப்பதோ, அதைப்பற்றி ஏறுகிற பையனுக்கு அக்கறையில்லை. போன வருஷம் இதே மைதானத்தில் அவன் பயந்துகொண்டு ஏறாமல் நின்றான்; இந்த வருஷம் தங்கையை அழைத்துக்கொண்டு ஏறுகிறான். பத்து நாளில் ராட்டினம் போய்விடும் என்பது அவனுக்குத் தெரியும். அப்பாவிடம் இன்றைக்கே காசு கேட்க வேண்டியதன் நியாயம் அதில் இருக்கிறது. சிகாகோ மாளிகை அடுத்த வாரமும் அங்கேயே இருக்கும். அடுத்த வாரம் போகலாம் என்று ஒத்திவைக்கக்கூடியது எதுவோ அது ஒத்திவைக்கப்படும்.

அப்படியானால் நகரத்தில் நிலைத்து நிற்கும் கூரைக் கேளிக்கை எதுவுமே பிழைக்காதா என்றால், அதற்கும் விடையுண்டு. அந்த விடையும் 1999லேயே பிறந்தது. டிஸ்னிகுவெஸ்ட் சிகாகோவில் திறந்த அதே ஆண்டு செப்டம்பரில், மெக்ஸிகோ நகரத்தின் சான்டா ஃபே அங்காடி வளாகத்தில், சேவியர் லோபஸ் அன்கோனா என்பவர் குழந்தைகளுக்கென ஒரு சிறு நகரத்தைக் கூரைக்குள் கட்டித் திறந்தார். இப்போது கிட்ஸானியா என்று பெயர் வழங்கும் அந்த நகரத்தில் குழந்தைகள் தீயணைப்பு வீரராகவும் டாக்டராகவும் ரொட்டி சுடுபவராகவும் வேஷம் போட்டு வேலை செய்து, அந்த நகரத்துக்கே உரிய நாணயத்தில் கூலி வாங்கி, அதைச் செலவழிக்கவும் வங்கியில் போடவும் செய்கிறார்கள். அதுவும் பெருநகரம், அதுவும் கூரை, அதுவும் பங்குகொள்ளும் விளையாட்டு. அது பிழைத்து உலகத்தின் பல நகரங்களுக்குப் பரவி, 2013இல் மும்பையின் காட்கோபருக்கும், பிறகு தில்லியை அடுத்த நொய்டாவுக்கும் வந்தது. காரணம் இரண்டு எனக்குப் படுகின்றன. அங்கே வினோதம் யந்திரத்தில் இல்லை. தலையில் வைத்த தொப்பியிலும் பக்கத்தில் நிற்கும் மற்றக் குழந்தையிலும் இருக்கிறது. தொப்பி பழசாவதால் ஆட்டம் பழசாவதில்லை. மேலும் நான்கு வயதுக் குழந்தைகள் வருஷந்தோறும் புதிதாக உற்பத்தியாகிறார்கள். யாத்ரீகர்களை நம்பி வாழ்ந்தது ஆர்லாண்டோ, பிறப்புக் கணக்கை நம்பி வாழ்கிறது கிட்ஸானியா. தங்கள் பெயர்ப்பலகையை அந்தச் சிறு நகரத்தில் மாட்டிக்கொள்வதற்குக் கம்பெனிகள் கொடுக்கும் பணமும் ஒரு தாங்குகோல். (அந்த அம்சம் எனக்கு உவப்பானதல்ல. ஐந்து வயதில் ஒரு வங்கியின் பெயரை மனத்தில் பதிப்பது விளையாட்டா வியாபாரமா என்பது தனியே விசாரிக்க வேண்டியது.) சிங்கப்பூரில் 2016இல் திறந்த கிட்ஸானியா 2020இல் கொள்ளைநோய்க் காலத்தில் மூடியதையும், பிள்ளைகளை மட்டுமே நம்பும் வியாபாரமும் சாகாவரம் பெற்றதல்ல என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பங்குகொள்வது என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிஸ்னியார் அதை இருபதாம் நூற்றாண்டின் இறுதிக் கண்டுபிடிப்புபோலப் பறைசாற்றினார்கள். கூவாகத்துக்கு வரும் திருநங்கையர் கூத்தாண்டவராகிய அரவானின் சன்னிதியில் தாலி கட்டிக்கொண்டு, அன்றிரவு முழுவதும் ஆடிப்பாடி, மறுநாள் தேர் நகர்ந்து அரவான் பலியானபின் தாலியறுத்து வெள்ளைப்புடவை உடுத்துகிறார்கள். கதை தெரிந்த கதை. முடிவு எல்லோருக்கும் தெரியும். இருந்தும் அடுத்த ஆண்டும் வருகிறார்கள், ஏனென்றால் வந்தவர் பார்வையாளர் அல்லர், மணமகள். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும் ஊர்களிலும் துரியோதனன் படுகளத்தன்று ஊரே களத்தில் இறங்கி நிற்கிறது. பக்தியையும் கேளிக்கையையும் ஒரே தராசில் நிறுக்கும் உத்தேசம் எனக்கில்லை. ஆயினும் ஒருவன் தன்னையே கொண்டுவந்து சேர்க்கிற இடத்துக்கும், முன்கூட்டி எழுதிவைத்த படத்துக்குள் கைப்பிடியைத் திருப்புகிற இடத்துக்கும் உள்ள தூரம் பெரிது. ரப்பர்த் தெப்பத்தில் யார் எப்படித் துடுப்புப் போட்டாலும் ஆறு ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் முடிந்தது. இரண்டாம் முறை போனவர்கள் இதைக் கண்டுகொண்டார்கள்.

கல்வராயன் மலைக்கு வருவோம். கடல் மட்டத்துக்கு மேல் இரண்டாயிரம் மூவாயிரம் அடி உயரத்தில் வெள்ளிமலை, கரியாலூர் முதலான மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள். சாமையும் தினையும் கடுக்காயும் தேனும் இறங்கி வரும் பாதையில், விடுமுறைக்காரர்கள் ஏறுகிறார்கள். பெரியார் அருவி சாலையோரத்திலேயே இருப்பதால் கூட்டம் அங்கே அதிகம். மேகம் அருவிக்கு நடக்க வேண்டும். கோடையில் பாறை காய்ந்து கிடக்கும். மழை பெய்தால் இரண்டு நாளில் கோலம் மாறும். அடிவாரத்துக் கடையில் டீ குடிக்க நிறுத்துகிற இளைஞர்கள் முதலில் கேட்பது, "அண்ணே, அருவியில தண்ணி வருதா?" என்பதுதான். கடைக்காரர், "நேத்து ராத்திரி மேல நல்ல மழைங்க, போங்க" என்பார். அல்லது, "ஒண்ணும் இல்ல தம்பி, சும்மா சொட்டுது" என்பார். கேட்டு அறிய வேண்டியதாக ஒரு விஷயம் இருப்பதால்தான் கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரத்து ஜனங்கள் அதே அருவிக்கு ஆண்டுக்கு மூன்று நான்கு முறை போகிறார்கள். 2011ஆம் வருஷக் கணக்கில் கள்ளக்குறிச்சி நகரத்தின் ஜனத்தொகை 50 ஆயிரத்துக்குச் சற்று மேல். இங்கே ஒருவர் கூரை போட்டு, திரை கட்டி, தலைக்கவசம் வாங்கிவைத்தால், முதல் வருஷத்தில் ஊரில் பாதிப்பேர் ஒருமுறை வந்துபோன பிறகு, இரண்டாம் வருஷத்துக்கு யாரை அழைப்பார் என்ற கேள்வி, சிகாகோவின் 29 லட்சத்தைக் கண்டு மயங்கியவர்களைவிடச் சீக்கிரமாகவே அவருக்குத் தட்டுப்பட்டுவிடும்.

கடைசியாக, இந்தத் தொழிலில் இரண்டாவது முதலாளி என்ற பாத்திரத்தைப் பற்றி. மும்பையில் 2012இல் தொடங்கிக் கூரைக்குள் கிரிக்கெட்டும் மாயக்காட்சியும் காட்டிப் பல நகரங்களில் கிளை பரப்பிய ஸ்மாஷ் கம்பெனி, கடன் தாளாமல் 2022இல் திவால் நடவடிக்கைக்குள் போயிற்று. 2025இல் நஸாரா டெக்னாலஜீஸ் 126 கோடி ரூபாய்க்கு அதை எடுத்துக்கொள்ளக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் இசைந்தது. சிங்கப்பூரில் மூடிய கிட்ஸானியா 2024இல் வேறொரு நிர்வாகத்தின் கீழ் மீண்டும் திறந்தது. ஆர்லாண்டோ மாளிகையை இடித்துவிட்டு அதே இடத்தில் டிஸ்னியார் எழுப்பிய கூடைப்பந்து விளையாட்டு மையம் 2019 ஆகஸ்டில் திறந்து, 2020 மார்ச்சில் நோய்க்காக மூடி, பிறகு திறக்கவே இல்லை. அவர்கள் எப்போதும் முதல் முதலாளியாகவே இருந்து முழு விலையையும் கொடுத்தவர்கள். முதலில் போட்டவனுடைய பணம் கரைந்தபின் குறைந்த விலைக்கு வாங்குகிறவனுக்குக் கணக்கே வேறாகிறது. வட்டிச் சுமை இறங்குகிறது, இரண்டாம் முறை வருகிறவர்கள் முன்னைவிடக் குறைவாக இருந்தாலும் போதுகிறது. திருவிழா மைதானத்தில் ராட்டினம் சுற்றுகிறவர் அதைப் பெரும்பாலும் இரண்டாம் கையாகவோ மூன்றாம் கையாகவோ வாங்கியிருப்பார். அதன் விலை எப்போதோ கழிந்துபோயிற்று. டீசலுக்கும் ஆள்கூலிக்கும் மைதான வாடகைக்கும் மேல் வருவதெல்லாம் அவருக்கு மீதி; கூட்டம் வராத ஊராயிருந்தால் கட்டைகளைப் பிடுங்கி லாரியில் ஏற்றிவிடுவார்.